சிவப்பு பட்டனில் ஒரு கட்டைவிரல்

கோதுமை வயலில் விமானம் மூக்கைப் புதைத்துக் கிடந்தது.

விமானி வேட் லிண்ட்க்விஸ்ட் இருக்கையிலேயே இருந்தார்... பெல்ட் போட்டபடி. உயிர் மட்டும் இல்லை!

காலை ஒன்பது ஐம்பது. கான்சஸ் மாநிலம், விசிட்டாவுக்குக் கிழக்கே நாற்பது மைல். அறுவடைக்குப் பத்து நாள் பாக்கியிருந்த கோதுமை, விமானம் உராய்ந்துவந்த தடத்தில் மட்டும் கருகிப் போயிருந்தது.

டிடெக்டிவ் ரோவினா பென்னர் உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டாள்.

"ஹோபி... இங்க வா. இவரோட இடது கையைப் பாரு."

டெபுடி ஹோபி பார்த்தான்.

"ஸ்டியரிங்கை இன்னும் பிடிச்சிருக்கார் மேடம்."

"ஸ்டியரிங் இல்லடா, யோக். கட்டைவிரல் எங்க இருக்கு?"

"ஒரு சிவப்பு பட்டன் மேல... அழுத்தினபடியே..."

"அதான்."

"அது என்ன பட்டன்?"

"விமானம் காத்துல ஆடும்ல? அந்த ஆட்டத்தைத் தானா அடக்குறதுக்கு வால்பக்கம் ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. மூக்கு மேல போனா அது கீழ அழுத்தும். கீழ போனா மேல தூக்கும். அந்தப் பெட்டிக்குப் பைத்தியம் பிடிச்சா, இந்த பட்டனை அழுத்தணும். பெட்டி அந்த நொடியே கழண்டுக்கும்."

"ஆனா... அழுத்தியிருக்காரே!"

"அழுத்தியிருக்கார். ஆனா அது கழண்டுக்கல."

ஹோபி தன் நோட்டைப் புரட்டினான்.

"பக்கத்து வயல்ல டிராக்டர் ஓட்டுனவர் பார்த்திருக்கார் மேடம். மூக்கு மேல... கீழ... மேல... கீழ... ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பெருசா. கடைசித் தடவை கீழ போனது மேல வரலையாம்."

ரோவினா இன்னும் உள்ளே குனிந்தாள். வேடின் வலது தொடையில் பட்டியால் கட்டியிருந்த சின்ன எழுது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானிகள் பறந்தபடியே குறிப்பு எழுதும் பலகை. காகிதத்தில் பாதி ரத்தம். மீதியில் பென்சில் எழுத்து.

'ஃப்ளாப் 20. நாலாவது தடவை.'

படம் எடுத்துக்கொண்டாள். காகிதத்தை உறையில் போட்டு ஒட்டினாள்.

"இது நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. உன் பொண்டாட்டிக்குக்கூட!"

"அவளுக்குத்தான் முதல்ல தெரியக்கூடாது மேடம்."

*

ரவுஷ் ஏரோ. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி. பதினோரு மணி.

முதலாளி க்ளேடன் ரவுஷ், விமானம் நிறுத்தும் ஹேங்கரின் வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கண்ணில் சோகத்தைச் சரியான அளவில் வைத்திருந்தார்.

"வாங்க டிடெக்டிவ். உங்களுக்கு வேலையே வைக்கல. குத்தவாளியைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கேன்."

"அட! சம்பளம் வாங்கும்போது கூச்சமா இருக்கும் போலிருக்கே. யாரு?"

"ட்வைட் அன்ரூ. தலைமை மெக்கானிக். அதோ."

மரப்பெட்டி ஒன்றின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தொடும் வயது. மடியில் தகர டிஃபன் டப்பா. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சுற்றி நின்ற பதினைந்து மெக்கானிக்குகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆதாரம்?"

"மூணு." ரவுஷ் விரல் விட்டார். "ஒண்ணு... இந்த ஹேங்கர்ல ஒரு வழக்கம் உண்டு. வேலையை முடிச்சு எவன் கையெழுத்து போடுறானோ, அவன் அந்த விமானத்துல கூடப் பறக்கணும். முப்பத்தோரு வருஷமா ட்வைட் பறந்தான். இன்னிக்குக் காலையில மட்டும், இஞ்சின் ஓடும்போது இறங்கிட்டான்!"

"ரெண்டு?"

"பெட்டிக்குப் போற ரெண்டு ஒயரை மாத்திச் சொருகிட்டா போதும். அடக்க வேண்டிய பெட்டி ஆட்டிவிடும். அந்த ஒயர் முனையில இருக்கிற பின்னைக் கழட்ட, பின் பிடுங்கின்னு ஒரு சின்ன சாமான் வேணும். அது அவன் லாக்கர்ல இருந்துச்சு. மாஸ்டர் சாவி போட்டு நானே திறந்தேன்."

"போலீஸ் வர்றதுக்குள்ளயா? ரொம்ப உதவி. மூணு?"

"வாங்க, காட்டுறேன்."

சுவர் முழுக்க டூல் போர்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து ஓர் ஆணி. கருவியை எடுக்கிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். கருவி திரும்பி வரும்வரை வில்லை தொங்கும். ஒரு ஸ்பேனர் கணக்கில் வராவிட்டால்கூட விமானம் நகராது.

பின் பிடுங்கியின் ஆணியில் ஒரு வில்லை பளபளத்தது.

நம்பர் 14.

"ட்வைட்டோட நம்பர்!" என்றார் ரவுஷ். "பழக்கதோஷம். கொலை பண்ணப் போகும்போதும் வில்லையை மாட்டிட்டுப் போயிருக்கான், முட்டாள்!"

ரோவினா போர்டையே பார்த்தாள். நாற்பது ஆணிகளில் ஒரு பதினேழில் வில்லைகள் தொங்கின. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்... கடைசிவரை.

அவள் உதடு லேசாகக் கோணியது.

"மிஸ்டர் ரவுஷ்... நீங்க இந்த போர்டுகிட்ட கடைசியா எப்ப வந்தீங்க?"

"எனக்கு மேல ஆபீஸ், டிடெக்டிவ். கீழ இறங்கி ஸ்பேனர் எண்ண எனக்கு நேரம் இல்ல."

"அதுவும் சரிதான். இன்னிக்கு வேற வேலை இருக்கோ?"

"ரெண்டு மணிக்கு ரெண்டாவது விமானம் பறக்குது. அதே பெட்டிதான். அலாஸ்காவுல சரக்கு விமானம் ஓட்டுறவங்க மூணு பேர் வந்திருக்காங்க. நாற்பது விமானத்துக்கு இந்தப் பெட்டி வேணுமாம். நாலு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

"ஒருத்தர் செத்து அஞ்சு மணி நேரத்துல..."

"பெட்டி மேல தப்பு இல்லையே! தப்பு ஒயரை மாத்தினவன் மேல. விபத்து விசாரணைக் குழு நாளைக்குத்தான் வருது. அதுவரைக்கும் நான் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு அழணுமா?"

"யார் ஓட்டுறது?"

"ஷெல்பி டேட். நல்ல பொண்ணு. சொன்னதைச் செய்வா."

*

ட்வைட்டைக் கைது செய்வது போல விலங்கு மாட்டி ரோவினா அழைத்துப்போனாள். கைகழுவும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். விலங்கைக் கழற்றினாள்.

"ட்வைட், என்னைத் தெரியுதா?"

"ஹில்டா பென்னர் பொண்ணு. உங்கம்மா ஹேங்கர்ல என் பக்கத்துல நின்னு ரிவெட் ஆணி அடிச்ச சத்தம் என் காதுல இன்னும் இருக்கு. ஏம்மா, விலங்கை ஏன் கழட்டுற?"

"இந்த ஊர்ல எந்த ஹேங்கர்ல ஆள் செத்தாலும் என்ன பண்ணுவீங்க? முதல் காரியமா?"

அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"வில்லையைத் திருப்புவோம். நம்பர் சுவரைப் பார்க்கணும். அடக்கம் முடியுறவரைக்கும் அப்படியேதான். ஒன்பதரைக்கு சேதி வந்துச்சு. எல்லாரும் ஒண்ணும் பேசாம போய்த் திருப்பினோம்."

"போர்டுல பதினேழு வில்லை. பதினாறு சுவரைப் பார்க்குது. பதினாலாம் நம்பர் மட்டும் என்னைப் பார்த்து இளிக்குது!"

ட்வைட் நிமிர்ந்தார்.

"அப்போ... அது ஒன்பதரைக்கு அப்புறம் மாட்டினது."

"அதுவும் தரையில வேலை பார்க்காதவர் மாட்டினது. லாக்கரைத் திறந்தவருக்கு உங்க வில்லை ஒண்ணை எடுக்கத் தெரியாதா? சரி. இப்ப நீங்க சொல்லுங்க. ஏன் இறங்கினீங்க?"

ட்வைட் டிஃபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டு பீராக். மாட்டுக்கறியும் முட்டைகோசும் அடைத்த உருண்டை ரொட்டி. ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று ரோவினா கேட்கவில்லை.

"வேட்தான் இறங்கச் சொன்னான். 'இன்னிக்கு நீ வேணாம்டா'ன்னான். நான் மாட்டேன்னேன். கதவைத் திறந்து தள்ளிவிட்டான்மா... சிரிச்சுக்கிட்டே."

"ஏன்?"

"அந்தப் பெட்டி சரியில்ல. இறங்கும்போது வேகம் குறைக்க இறக்கையோட பின்பக்கத்துல ஃப்ளாப் இறக்குவோம்ல? அது இருபது டிகிரிக்கு வந்தா பெட்டி நேரம் தப்புது. ஊஞ்சலை நிறுத்தப் போறவன், அது முன்னால போகும்போது முதுகுல கைவெச்சுத் தள்ளினா என்ன ஆகும்? அப்படித்தான். மூணு தடவை அப்படி ஆகி, தட்டுத்தடுமாறித் தப்பிச்சு வந்தான். மூணு தடவையும் எழுதிக் குடுத்தான்."

"சிவப்பு பட்டன்?"

"பெட்டி சும்மா சும்மா கழண்டா வாங்க வர்றவங்க பயப்படுவாங்களாம். அதனால பட்டனை அழுத்தினா நாலு செகண்டு கழிச்சுத்தான் கழட்டணும்னு முதலாளி மாத்தி வெச்சார்."

நாலு செகண்டு!

ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் இருக்கும் நேரம். வேடுக்கு அதுவே ஆயுள் முழுக்கவும் ஆனது.

"தெரிஞ்சும் ஏன் பறந்தார் ட்வைட்?"

"முதலாளி சொன்னாரு... 'நாலாவது தடவை ரெக்கார்டர் வெச்சு நிரூபி. இல்ல, வாயை மூடிக்கிட்டு கையெழுத்து போடு. ரெண்டும் முடியாதுன்னா சொல்லு, ஷெல்பியை அனுப்புறேன்.' அவ வயசு இருபத்தாறு. வேட் தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்."

கதவருகே ஒரு விசும்பல்.

ரோவினா சட்டென்று திறந்தாள். ஷெல்பி டேட். பறக்கும் உடையில். கண் சிவந்து.

"ஒட்டுக் கேட்கிற பழக்கம் எவ்வளவு நாளா?" என்றாள் ரோவினா.

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன். எனக்காகவா அவர்..."

"அழுறதை நாலு மணிக்கு வெச்சுக்க. ரெக்கார்டர் எரிஞ்சுபோச்சு. எழுதிக் குடுத்த தாளெல்லாம் இந்நேரம் இருக்காது. கோர்ட்டுல இவர் வார்த்தை, அவர் வார்த்தை. வக்கீல் வைக்கிற வசதி யாருக்கு இருக்கு? ட்வைட்டுக்கு ஜெயில். அலாஸ்காவுக்கு நாற்பது பெட்டி."

"நாற்பது வேட்" என்றார் ட்வைட்.

"எனக்கு அந்த ஆள் வாயாலயே வேணும். ட்வைட், உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"எதுக்கு?"

ரோவினா சொன்னாள்.

ட்வைட் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"இருபது நிமிஷம்" என்றார்.

*

மணி இரண்டு.

இரண்டாவது விமானம் வெயிலில் தயாராக நின்றது. அலாஸ்காக்காரர்கள் மூவரும் ஹேங்கர் வாசலில், கையில் காபி. பின்னால் மெக்கானிக்குகள் வரிசையாக.

ரவுஷ் கைதட்டினார்.

"ஷெல்பி, கிளம்பு!"

"வலது சீட் காலியா இருக்கே பாஸ்."

"இருக்கட்டும்."

ரோவினா முன்னால் வந்தாள். சத்தமாகவே கேட்டாள்.

"கையெழுத்து போட்டவர் கூடப் பறக்கணும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? இந்தப் பெட்டிக்குக் கையெழுத்து போட்டது யாரு?"

அலாஸ்காக்காரர்களில் தாடிவைத்தவர் நிமிர்ந்தார். "நல்ல வழக்கமா இருக்கே! யார் போட்டது ரவுஷ்?"

ரவுஷின் சிரிப்பு அரைக் கணம் நின்று, மறுபடி ஓடியது.

"நான்தான்."

"ஏறுங்க பாஸ்!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "காத்து நல்லா இருக்கு!"

"நான் பின் சீட்ல வர்றேன்" என்றாள் ரோவினா. "எனக்கும் வேடிக்கை பார்த்து நாளாச்சு."

மறுத்தால் நாற்பது விமானம் போகும். ரவுஷ் ஏறினார். பெல்ட்டை மாட்டும்போதே ஷெல்பியின் காதருகே குனிந்தார்.

"ஒரு சுத்து. அவ்வளவுதான். ஃப்ளாப்பைத் தொடாதே. இறங்கும்போது பெட்டியை முதல்ல ஆஃப் பண்ணிடு."

"சரி பாஸ்."

சொன்னதைச் செய்யும் நல்ல பொண்ணு!

*

நாலாயிரம் அடி. கீழே பழுப்புக் கட்டங்களாகக் கோதுமை. ஒரு கட்டத்தில் மட்டும் கறுப்புக் கீறல்.

ஷெல்பி ஒரு சுவிட்சைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பெட்டி ஆன்."

"நல்லா பறக்குது பார்த்தீங்களா?" ரவுஷ் பின்னால் திரும்பினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "வெண்ணெய் மாதிரி!"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் ரோவினா. "ஷெல்பி... ஃப்ளாப் இருபது போடு."

"என்ன?!"

"ஃப்ளாப் இருபது" என்றாள் ஷெல்பி. கை லீவர் மேல் போனது.

"வேணாம்! தொடாதே!"

"ஏன் பாஸ்?"

"நான் சொல்றேன், தொடாதே! பெட்டியை ஆஃப் பண்ணு!"

"சுவிட்ச் இறுகியிருக்கு பாஸ். நகரவே மாட்டேங்குது."

லீவர் ஒரு படி இறங்கியது.

விமானம் குலுங்கியது. மூக்கு மேலே போனது... கீழே வந்தது...

அது கான்சஸ் காற்று. தினமும் மதியம் அடிக்கிற அதே காற்று! ஆனால் ரவுஷுக்கு அது தெரியாது. பதினோரு வருஷமாகத் தன் விமானம் எதிலும் ஏறாதவர் அவர்.

"ஆடுது! ஆரம்பிச்சிடுச்சு! ஐயோ!"

"சிவப்பு பட்டனை அழுத்தவா?" ஷெல்பியின் குரல் பனிக்கட்டியாக இருந்தது.

"நாலு செகண்டு ஆகும்டி! நாலு செகண்டுல செத்துருவோம்!"

"ட்வைட்தானே ஒயரை மாத்தினாரு?" ரோவினா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். "இந்த விமானத்துல யாரும் எதையும் மாத்தலையே. நீங்க ஏன் ஃப்ளாப்பைக் கண்டு அலறுறீங்க? ஃப்ளாப்தான் காரணம்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"ஒயர் இல்ல! ஒயரை யாரும் மாத்தல! பெட்டியே அப்படித்தான்! இருபதுல வெச்சா அப்படித்தான் ஆகும்! லீவரை மேல தூக்குடி!"

"வேட் சொன்னாரா?"

"மூணு தடவை எழுதிக் குடுத்தான்! கிழிச்சுப் போட்டேன்! போதுமா?!"

"பதினாலாம் நம்பர் வில்லை?"

"நான்தான்... நான்தான் மாட்டினேன்... ஷெல்பி, ப்ளீஸ்மா... எனக்குப் பேரன் இருக்கான்..."

"வேடுக்கு இருந்தது ரெண்டு பொண்ணு" என்றாள் ஷெல்பி.

லீவரை மேலே தூக்கினாள். விமானம் அமைதியாக நேரானது.

அப்போதுதான் ரவுஷ் அதைப் பார்த்தார். யோக்கில், சிவப்பு பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டன் இருந்தது. ரேடியோவில் பேசுவதற்கான பட்டன்.

ஷெல்பியின் கட்டைவிரல் அதை அழுத்தியபடி இருந்தது. முதலிலிருந்தே!

*

ஹேங்கரில் ரேடியோ ஸ்பீக்கர் அத்தனையையும் சொல்லிவிட்டுக் கரகரத்து நின்றபோது, தாடிக்காரர் காபிக் கோப்பையைக் கவிழ்த்துத் தரையில் ஊற்றினார். காருக்குப் போனார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

விமானம் இறங்கியது. ஹோபி விலங்கோடு நின்றான்.

ரவுஷ் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தரைக்கு வந்ததும் வாய் திரும்பிவிட்டது.

"இது செல்லாது! உயிர்ப்பயம் காட்டி வாங்கின வாக்குமூலம்! மூணு பேர் உயிரோட விளையாடிட்டு... கொலைகாரப் பெட்டின்னு தெரிஞ்சே அதை ஆன் பண்ண வெச்சவ நீ! என் வக்கீல் உன்னை..."

"எந்தப் பெட்டி?" என்றாள் ரோவினா.

"என்ன எந்தப் பெட்டி?"

"ட்வைட், திறந்து காட்டுங்க."

ட்வைட் முதலில் டூல் போர்டுக்குப் போனார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, அந்த ஆணியில் தன் வில்லையை மாட்டினார். நம்பர் சுவரைப் பார்க்க. விமானத்தின் வால்பக்கம் வந்து நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார்.

பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், பட்டி போட்டு இறுக்கிக் கட்டியபடி... தகர டிஃபன் டப்பா!

"உன் பெட்டி போலீஸ் வண்டியில இருக்கு, சீல் போட்டு" என்றார். "பச்சை விளக்குக்கு மட்டும் கரண்டு குடுத்தேன். சும்மா எரியட்டுமேன்னு."

ரவுஷ் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"அப்போ... ஆடுச்சே..."

"அது காத்து பாஸ்" என்றாள் ஷெல்பி. "வெளிய வந்தா அடிக்கும்."

ஹோபி விலங்கை மாட்டினான். க்ளிக்!

ட்வைட் டப்பாவை அவிழ்த்துத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு பீராக். தன் பங்கை அவர் மத்தியானமே மெக்கானிக்குகளுக்குக் கொடுத்திருந்தார். இது மற்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான்காகப் பிய்த்தார். ரோவினாவுக்கு ஒன்று. ஷெல்பிக்கு ஒன்று. ஹோபிக்கு ஒன்று.

"எப்படிம்மா இருக்கு?"

ரோவினா மென்றபடியே ரவுஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"முட்டைகோசுல உப்பு கொஞ்சம் கம்மி. ஆனா ரவுஷ் ஏரோ பறக்கவிட்ட பெட்டியிலேயே ஆளைக் கொல்லாதது இதுதான் ட்வைட்... கையெழுத்து போட்டுக் குடுக்கலாம்!"